நான் மஞ்சள் தீட்டிய ஜூலை

உங்களில் பலர் பத்து வயதிலேயே ஒரு வீட்டின் கடிதங்களையெல்லாம் வாசித்தவர்கள். மின்சாரக் கட்டணம், பள்ளிக்கூட அறிவித்தல், மருத்துவமனை கொடுத்த நாள், வீட்டுச் சொந்தக்காரரின் எச்சரிக்கை என்று எல்லாவற்றையும் சமையலறை மேசையருகே நின்றபடி தமிழில் சொன்னவர்கள். இப்போது சந்தித்தால் அந்த நாட்களைச் சிரிப்பாகத்தான் கதைத்துக்கொள்கிறோம். நானும் சிரிக்கிறேன். ஆனால் நான் வாசித்ததில் ஒன்றை மட்டும் உங்கள் யாருக்கும் சொன்னதில்லை. அது கடிதம் இல்லை. ஓர் ஊரின் காலநிலை. ஒரு வருடம் முழுவதற்குமானது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பா மன்னாரில் ஒன்பது வயதில் வள்ளத்தில் ஏறியவர். அம்மா இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, எந்தப் பள்ளிக்கூடத்திலும் பெயர் பதிவதற்கு மேல் போகாதவர். இருவருக்கும் இலக்கங்கள் தெரியும், கையெழுத்து வைக்கத் தெரியும். அதற்கு மேல் எது வந்தாலும் என் கைக்கு வரும். அப்பா கடித உறையைக் கிழிக்கக்கூட மாட்டார். நான் பள்ளியால் வரும்வரை அது பிரிட்ஜின் மேல் இருக்கும். அந்த உறைகளைப் பிரிக்கும்போது எனக்கு இருந்த பெருமையை இன்று நினைத்தாலும் முதுகு நிமிர்கிறது. அந்தப் பெருமையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அப்போது இங்கே, அவுஸ்திரேலியாவுக்குப் பக்கத்துத் தீவு நாட்டில், மனுரேவா என்ற புறநகரில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். குளிர் தொடங்கும் மே மாதம் பிறந்தால் காலையில் யன்னல் கண்ணாடிகளின் உள்பக்கம் தண்ணீர் வடியும். அம்மா பழைய துவாயால் ஒற்றியெடுத்து வாளியில் பிழிவார். அறையின் மேல் மூலையில் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. பிளீச் போட்டுத் தேய்த்தால் இரண்டு கிழமைக்கு மறையும், பிறகு முன்னையைவிட அகலமாக வரும். பாண் பையைத் திறந்தால் பாண் மணத்துக்கு முன் பூஞ்சண மணம் வரும். ஹீட்டருக்கு முன்னால் விரித்த காலுறைகள் மூன்று நாளாகியும் காயாது.

தம்பிக்கு ஐந்து வயது. அவனுக்கு மூச்சு இழுக்கும். கேத்தல் கொதிக்கத் தொடங்கும்போது மெல்லிதாக ஒரு விசில் வருமே, அப்படி ஒரு சத்தம் அவன் நெஞ்சுக்குள்ளிருந்து வரும். நாங்கள் மூன்று பேரும் வீட்டில் எந்த வேலை செய்தாலும் ஒரு காது அவன் பக்கமே இருக்கும். நீல நிற இன்ஹேலரைப் பொருத்தி மூச்செடுக்கிற பிளாஸ்டிக் குழல் ஒன்று அவனிடம் இருந்தது. அதைக் கண்டாலே தலையைத் திருப்புவான். அதனால் நான் அதன் மேல் ஒரு செம்மஞ்சள் மீன் படம் ஒட்டிவிட்டேன். மீனைப் பார்த்துக்கொண்டு பத்து மூச்சு எடுக்க வேண்டும். ஆறாவது மூச்சில் மீனின் வால் ஆடுகிறது என்று அவனுக்குச் சொல்லியிருந்தேன். அதற்காகவே அவன் ஆறுவரை வருவான்.

அந்த வருடம் மார்ச் மாதம் அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு அவுஸ்திரேலியாவில் ஒரு பழத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனார். கடற்கரையிலிருந்து காரில் ஐந்து மணி நேரம் உள்ளே இருக்கிற நகரம். பெயர் சொல்ல மாட்டேன், பெரியப்பா குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஏப்ரலில் அவர் போன் எடுத்தார். அந்த ஊர்க் காற்று அப்பளம் போல மொறுமொறுப்பாக இருக்கிறதாம். கொடியில் உடுப்பைப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடுகிறதாம். சுவரில் ஒரு புள்ளி இல்லையாம். பிள்ளையை இங்கே கொண்டுவந்தால் அவனுக்கு மருந்தே வேண்டாம் என்றார்.

அப்பா இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டு திரிந்தார். அவர் வானத்தை அறிந்தவர். வேர்ஹவுஸ் வேலைக்குப் போவதற்கு முன் பின்வாசல் படியில் நின்று மூக்கை உயர்த்தி, பின்னேரம் மழை என்பார், மழை வரும். வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று காற்றுகளை ஆட்களைப் போல் பெயர் சொல்லிக் கதைப்பார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"கடல் இல்லாத ஊர், பிள்ளை. அங்க காத்து எங்கயிருந்து வருமெண்டு எனக்குத் தெரியாது. பெரியப்பாவும் கண்டது ஒரே ஒரு மாதம். நீ வாசிச்சுச் சொல்லு. பன்னிரண்டு மாதமும் அங்க எப்பிடி எண்டு" என்றார்.

வாழ்க்கையில் எனக்குத் தரப்பட்ட மிகப் பெரிய கடித உறை அது.

அடுத்த நாள் ஊரின் பெயரை எழுதி எங்கள் வகுப்பு ஆசிரியையிடம் காட்டினேன். அவர் ஒரு வரைபடத்தைப் பார்த்துவிட்டு, அது உள்நாட்டு நகரம், ஆனால் மத்தியதரைக்கடல் காலநிலை என்றார். கடலே இல்லாத இடத்துக்கு எப்படிக் கடலின் பெயர் வந்தது என்று கேட்டேன். கோடையில் மழை இல்லாமல், குளிர்காலத்தில் மழை பெய்கிற இடங்களுக்கு எல்லாம் அந்தப் பெயர்தான், நூலகத்தில் தேடிப்பார் என்றார்.

தேடினேன். பெரிய படப்புத்தகம். 'மத்தியதரைக்கடல் காலநிலை' என்ற தலைப்பின் கீழ், கடலைக் காணாத ஒரு நகரத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். காய்ந்து மஞ்சளாகிக் கிடக்கும் புல்வெளி, ஒரு முகில்கூட இல்லாத வானம், மர நிழலில் கதிரையில் நித்திரை கொள்ளும் கிழவர். கீழே பன்னிரண்டு மாதத்து மழையையும் காட்டும் பன்னிரண்டு நீலக் கட்டங்கள். ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் கட்டம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அவ்வளவு சிறிது. டிசம்பர், ஜனவரியில் குளிர், உறைபனி, மழை. ஏப்ரலில் பூக்கள். அக்டோபரில் மறுபடி மழை தொடங்கும்.

அந்த நகரம் ஸ்பெயின் நாட்டில் இருந்தது. அந்தச் சொல்லை நான் வாசிக்காமல் விடவில்லை. வாசித்தேன். ஒரே காலநிலை என்றால் ஒரே காலநிலை என்று நினைத்தேன். ஒரே கம்பனிச் செருப்பை எந்தக் கடையில் வாங்கினாலும் அதே செருப்புத்தானே.

எங்களுக்கு மழை ஊற்றுகிற ஜூலையில் பக்கத்து நாட்டில் வெயில் எப்படி என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அப்பா வளர்ந்த தீவில் ஒரு கரையில் மழை கொட்டும்போது மறு கரையில் மண் வெடித்துக் கிடக்கும். காற்று எந்தப் பக்கத்தால் வருகிறதோ அதுதான் காலம். இங்கே மழை என்றால் அங்கே வெயில் என்பது அவருக்கு உலகத்தின் இயல்பு. "அப்பிடித்தான் இருக்கும்" என்று தலையாட்டினார்.

அப்பாவும் அம்மாவும் தாங்களே பார்த்து விளங்கிக்கொள்ளட்டும் என்று நான் ஒரு வேலை செய்தேன். சமையலறையில் தமிழ்க்கடைக் கலண்டர் தொங்கியது, மாதத்துக்கு ஒரு தாள். ஒவ்வொரு தாளின் மேலும் மெழுகுப் பென்சிலால் ஒரு பெரிய பட்டை தீட்டினேன். காய்ந்த மாதத்துக்கு மஞ்சள், மழை மாதத்துக்கு நீலம், குளிர் மாதத்துக்குச் சாம்பல். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் தேங்காய் எண்ணெய் பூசியதுபோல மஞ்சளாக மினுங்கின.

அப்பா அதைப் பார்த்துத் திட்டம் போட்டார். ஜூலை விடுமுறையில் அம்மாவும் தம்பியும் ஒரு மாதம் அங்கே போய் இருக்கட்டும். இங்கே அவனுக்கு மிக மோசமான மாதம் அது, அங்கே மிக நல்ல மாதம். அவன் நன்றாக மூச்சு விட்டால் வருட முடிவில் எல்லோருமே போய்விடுவோம்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா கலண்டரைத் தாள் தாளாகப் புரட்டிக் காட்டினார். என்னை 'எங்கட வீட்டு வானிலை நிலையம்' என்றார். பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியிலிருந்து ஒரு மாமா வருவார், பல்கலைக்கழகம் முடித்தவர். அவர் தேநீர்க் கோப்பையோடு ஜூலைத் தாளின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"ஜூலையில மஞ்சளோ?"

"பிள்ளை புத்தகத்தைப் பாத்து எழுதினவள்" என்றார் அப்பா.

மாமா என்னைப் பார்த்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "அப்ப சரி" என்று ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்தார். அவருக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். எழுத வாசிக்கத் தெரியாத ஒருவரின் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்திருப்பார். நல்ல மனிதர்.

ஜூன் கடைசியில், இங்கே மத்தாரிக்கி என்று சொல்கிற கார்த்திகை நட்சத்திரங்கள் எழுகிற நாட்களில், ஆசிரியை வகுப்புக்கு ஒரு தோடம்பழமும் ரோச் லைட்டும் கொண்டுவந்தார். பழத்தின் நடுவில் ஒரு ரப்பர் வளையம். யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு, பழத்தைச் சரித்துப் பிடித்து ஒளியைக் காட்டினார். வளையத்துக்குக் கீழே நாங்கள், எங்களுக்கு இப்போது குளிர்காலம். மேலே இங்கிலாந்து, ஸ்பெயின், அவர்களுக்கு இப்போது கோடை. அவுஸ்திரேலியா எங்கே என்று ஒருவன் கேட்டான். ஆசிரியை தன் பெருவிரலை வளையத்துக்குக் கீழே, எங்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அந்தப் பெருவிரலின் நகம் எனக்கு இன்னும் தெரிகிறது. சிவப்புச் சாயம் பாதி உரிந்த நகம். பன்னிரண்டு தாள்களும் தலைகீழ். மஞ்சள் இருக்கவேண்டியது ஜனவரியில். ஜூலையில் அங்கே சாம்பலும் நீலமும்.

அவர்கள் புறப்பட ஒன்பது நாள் இருந்தது. டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

அன்றைக்கே சொல்லலாம் என்று வீட்டுக்குப் போனேன். அப்பா படியில் குந்தியிருந்து வேலைச் சப்பாத்தின் அடியிலிருந்து சேறு சுரண்டிக்கொண்டிருந்தார். ஜூலையில் அங்கே குளிருமோ தெரியாது அப்பா என்றேன், ஏதோ சந்தேகம் போல. அவர் நிமிரவில்லை.

"நீதானே எழுதினனி."

அதட்டலாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு யோசிக்க எதுவும் இல்லை என்பதுபோல் சொன்னார். நான் "ஓம்" என்றேன்.

இரண்டு நாள் கழித்துப் பெரியப்பா போன் எடுத்தார், குளிர் தொடங்கிவிட்டது என்று. அப்பா சிரித்தார். "அண்ணை, நாலு மாதம் பாத்த நீங்கள் வருசத்துக்குச் சொல்லாதேங்கோ. இது நாலு நாளில போயிடும்." நான் பக்கத்து அறையில் தம்பிக்கு மீன் காட்டிக்கொண்டிருந்தேன். ஏழு, எட்டு என்று எண்ணினேன். எழுந்து போய்ச் சொல்ல அந்த அறைக்கும் இந்த அறைக்கும் இடையில் ஆறு காலடிதான். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கடித உறைகள் இனிப் பிளாக்ஹவுஸ் பே மாமாவிடம் போகும். பிரிட்ஜின் மேல் எதுவும் எனக்காகக் காத்திருக்காது.

பிறகு ஒரு பின்னேரம் யாரும் இல்லாதபோது கதிரையில் ஏறி, ஜூலையின் மஞ்சள் மேல் சாம்பல் நிறத்தைத் தீட்டப் பார்த்தேன். மெழுகின் மேல் மெழுகு ஏறவில்லை, வழுக்கியது. மஞ்சள் அழுக்கானது, அவ்வளவுதான். அம்மா எல்லர்ஸ்லியில் அலுவலகங்கள் துடைக்கிற வேலை முடிந்து வந்து வாசலில் நின்றதை நான் காணவில்லை.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"சும்மா."

அம்மா கலண்டரைப் பார்த்தார், என் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தார். பையை மேசையில் வைத்துவிட்டு அரிசி கழுவப் போனார்.

புறப்படுவதற்கு முதல் நாள் பெட்டி அடுக்கினோம். வெயிலுக்குப் போகிறவர்களின் பெட்டி. ஆனால் அம்மா சேலைகளுக்குக் கீழே தம்பியின் தடித்த ஜக்கெட் இரண்டையும், கம்பளித் தொப்பியையும், சுடுதண்ணீர்ப் பையையும் வைத்தார். நான் பார்ப்பதைக் கண்டு, "எதுக்கும் இருக்கட்டும்" என்றார். மூடியை அழுத்திப் பிடித்தபடி என்னைக் கேட்டார்.

"வேற ஏதும் மறந்திட்டமோ, பிள்ளை?"

ஓடிப்போய் மீன் ஒட்டிய குழலைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

விமான நிலையத்தில், பயணிகள் மட்டும் போகிற வாசலருகே அம்மா இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். தம்பி அவர் விரலைப் பிடித்து முன்னுக்கு இழுத்தான். பிரிகிறபோது அப்படித்தானே பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

முதல் மூன்று நாளும் நல்ல செய்தி வந்தது. குளிர்தான், ஆனால் காய்ந்த குளிர், பிள்ளை நித்திரை கொள்கிறான் என்றார்கள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஒருவேளை நிறம் பிழையாக இருந்தாலும் ஊர் சரியாக இருக்கலாம்.

நாலாம் நாள் பெரியம்மா, பிள்ளைக்குக் குளிரக் கூடாது என்ற பாசத்தில், வீட்டு விறகு அடுப்பை நாள் முழுவதும் எரித்தார். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். மலைகளுக்கு நடுவே சட்டிபோல் கிடக்கிற ஊர். குளிர்காலத்தில் புகை மேலே போகாமல் கூரைகளுக்கு மேல் தங்கிவிடும் என்பது படப்புத்தகத்தில் இல்லை. ஐந்தாம் நாள் காலை, அப்பா தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. தம்பியை மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

அப்பா நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணை, காத்து எந்தப் பக்கத்தால அடிக்குது?"

காற்றே இல்லை என்று பெரியப்பா சொன்னது எனக்கும் கேட்டது.

போனை வைத்துவிட்டு அப்பா கலண்டரின் முன்னால் வந்து நின்றார். அழுக்கான மஞ்சளை விரலால் தடவினார். "இப்ப மஞ்சள்தானே, பிள்ளை?" என்றார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. தான் சரியாகப் பார்த்தோமா என்று கேட்டார். நான் தாளின் ஓரத்தைப் பிடித்து நேராக்கினேன். அவர் என் தலையில் கை வைத்து, பயப்படாதே என்றார்.

இரண்டு நாள். அப்பா வேலைக்குப் போகவில்லை. காலையில் அம்மாவின் துவாயை எடுத்து நாங்கள் இருவரும் யன்னல்களைத் துடைத்தோம், யாருக்காக என்று தெரியாமல். போன் சமையலறையில் இருந்தது, நாங்களும் அங்கேயே இருந்தோம். குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கும் அப்பா திரும்பினார். நான் மனத்துக்குள் ஒன்று முதல் பத்துவரை எண்ணினேன். ஆறில் நின்றுவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். அவனுக்கு ஏதும் நடந்தால் சொல்வேன் என்று மாதாவுக்கு வாக்குக் கொடுத்தேன். பிறகு, நடக்காவிட்டாலும் சொல்வேன் என்று திருத்தினேன்.

மூன்றாம் நாள் போனில் அவன் குரலே வந்தது. இரைச்சலுக்குள்ளிருந்து மெல்லிய குரல். "அக்கா, ஐ லொஸ்ட் மை ஃபிஷ்."

குழலை மருத்துவமனையில் மாற்றிவிட்டார்களாம். பழையது எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

மாதம் முடிய முன்னமே அவர்கள் திரும்பி வந்தார்கள். குடிபோகிற கதை அதோடு முடிந்தது. கேட்டவர்களுக்கு அப்பா ஒரே பதில் சொன்னார், "இந்த வருசம் அங்க காலம் மாறிப்போச்சு." புத்தகத்தை ஒருநாளும் சந்தேகிக்கவில்லை, என்னையும். ஆகஸ்டில் கலண்டர் சுவரில் இல்லை. யார் கழற்றியது என்று நான் கேட்கவில்லை. கடிதங்கள் தொடர்ந்து பிரிட்ஜின் மேல் இருந்தன. மாதாவுக்குக் கொடுத்த வாக்கு அப்படியே நின்றது.

நான் படித்தேன். பட்டம் பெற்றேன். அம்மா துடைத்த கட்டடம் ஒன்றில், எல்லர்ஸ்லியில், இன்று எனக்கு ஒரு மேசை இருக்கிறது. அதைப் பெருமையோடுதான் சொல்கிறேன். தம்பி வளர்ந்து, மூச்சு வாங்காமல் கிரிக்கெட் ஆடி, பையில் நீல இன்ஹேலரை வைத்துக்கொண்டு மறந்துபோகிற அளவுக்கு நலமாக இருக்கிறான். அந்த ஊரை அவனுக்கு நினைவே இல்லை. மீனை நினைவிருக்கிறது.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது மோர்ட்கேஜ் கட்டுகிற சொந்த வீடு. ஆனாலும் குளியலறை யன்னலில் தண்ணீர் வடிகிறது, அம்மா இன்னும் துவாயால்தான் துடைக்கிறார். நான் மற்றப் பாதியைத் துடைத்தேன். இரண்டு பேரும் ஒரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது சொல்வது சுலபமாக இருந்தது.

"அம்மா, அந்த ஜூலை மஞ்சள் பிழை. நீங்கள் போறதுக்கு முன்னமே எனக்குத் தெரியும்."

அம்மா துவாயை வாளியில் பிழிந்தார். "தெரியும். பெரியம்மா போனில சொன்னவ, விடிய எழும்பினா புல்லெல்லாம் உறைபனியில வெள்ளையாக் கிடக்குதெண்டு."

"அப்ப ஏன் போனனீங்கள்?"

"ஈரமில்லாத வீடெண்டு நம்பினன். குளிருக்கு உடுப்பு இருக்குத்தானே. புகையை ஆருக்குத் தெரியும்." அடுத்த கண்ணாடிக்குப் போனார். "நான் கொப்பருக்குச் சொல்லியிருந்தா அவர் பிறகு உன்னட்ட ஒண்டும் வாசிக்கத் தந்திருக்க மாட்டார். நீயாச் சொன்னா அது வேற. நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டே இருந்தனான்."

எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். கலண்டருக்கு முன்னால், பெட்டிக்கு முன்னால், பிறகு விமான நிலைய வாசலில் இரண்டு தரம். அம்மா அப்போது அப்பாவைப் பார்க்கவில்லை. இரண்டு தரமும் என்னைத்தான் பார்த்தார். நான் இரண்டு தரமும் கை காட்டினேன்.